குச்சித் தலையும் பெட்டிப் பக்கமும்

ஒரு தீக்குச்சியை எடுத்துச் சுவரில் உரசிப் பாருங்கள். கோடு விழும், மருந்து உதிரும், தீ வராது. அதே குச்சியைப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பழுப்புப் பட்டையில் ஓர் இழுப்பு இழுத்தால் சீறிக்கொண்டு பற்றுகிறது. சுவரும் சொரசொரப்புத்தான், பட்டையும் சொரசொரப்புத்தான். உரசல் மட்டும் போதுமென்றால் இரண்டு இடத்திலும் பற்றியிருக்க வேண்டும். பட்டையில் இருக்கும் ஏதோ ஒன்று சுவரில் இல்லை.

அந்த ஏதோ ஒன்று சிவப்புப் பாஸ்பரஸ். குச்சியின் தலையில் அது கிடையாது. தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கொஞ்சம் கந்தகம், கண்ணாடித் தூள், இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பசை. எரிவதற்கு இரண்டு பேர் வேண்டும்: எலக்ட்ரானைக் கொடுக்க ஒருவர், வாங்கிக்கொள்ள ஒருவர். இப்படிப்பட்ட ஜோடிகளில் எளிதில் சினமுறும் ஒன்றைப் பிரித்து, ஒருவரைக் குச்சியிலும் மற்றவரைப் பெட்டியிலும் உட்கார வைத்ததுதான் பாதுகாப்புத் தீப்பெட்டி என்ற கண்டுபிடிப்பு. நாம் உரசும் அந்த நொடியில்தான் இருவரும் சந்திக்கிறார்கள்.

இந்தப் பிரிவினைக்கு உலகம் நெடுநாள் காத்திருந்தது. இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827இல் விற்ற முதல் உரசுகுச்சிகளில் பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமனி சல்பைடும் ஒரே தலையில் இருந்தன. 1830களில் வெள்ளைப் பாஸ்பரஸ் வந்தது. எங்கே உரசினாலும் பற்றும். சட்டைப்பையிலேயே பற்றிய குச்சிகளும் உண்டு. அதைவிடக் கொடுமை, அந்தப் பாஸ்பரஸின் ஆவியை நாளெல்லாம் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1888இல் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய துயரங்களில் இந்த நோயும் ஒன்று. இத்தனைக்கும் அதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே, 1844இல், சுவீடனைச் சேர்ந்த குஸ்தாப் எரிக் பாஷ் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்து, தீங்கு குறைந்த சிவப்புப் பாஸ்பரஸாகப் பட்டைக்கு மாற்றும் வழிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். தீர்வு கையில் இருந்தும், மலிவு என்பதற்காக வெள்ளைப் பாஸ்பரஸ் தொடர்ந்தது. வேதியியல் வரலாற்றில் எனக்கு ஆறாத வருத்தம் தரும் பக்கங்களில் இது ஒன்று. 1906இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிறகுதான் நாடுகள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன.

நம் ஊர்க் கதைக்கு வந்தால், 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதன் பிறகு சாத்தூர், கோவில்பட்டி வரை குச்சி அடுக்குவதும் மருந்து முக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுக்கு வீடு பிழைப்பாயின. கரிசல் காட்டில் மழை பொய்த்தால் பிழைக்க இன்னொரு வழி என்று அந்தத் தொழில் வேரூன்றியது.

இப்போது கேள்விக்கு வருவோம். குச்சித் தலையில் இருப்பவரும் பட்டையில் இருப்பவரும் சந்திக்கிறார்கள். இவர்களில் ஆக்சிஜனேற்றி யார், ஆக்சிஜனொடுக்கி யார்?

பள்ளியில் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள்கூட, பெயரில் தடுமாறுவார்கள். ஆக்சிஜனேற்றம் அடைவது ஆக்சிஜனேற்றி என்று எழுதி மதிப்பெண் இழந்த மாணவர்கள் எத்தனையோ பேர். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. ஆனால் தமிழில் படிப்பவருக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது. நம் இலக்கண வகுப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை. ஒடுங்கு தன்வினை, ஒடுக்கு பிறவினை. லாரியில் மூட்டை ஏற்றுகிறவரைப் பாருங்கள். மூட்டை ஏறியது லாரியில். அவர் தோளிலிருந்து அது இறங்கிவிட்டது. ஆக்சிஜனேற்றியும் அப்படியே. அடுத்தவர் மேல் ஆக்சிஜனை ஏற்றுகிறது, தான் அதை இழக்கிறது, அதாவது தான் ஒடுங்குகிறது. ஒடுக்கி அடுத்தவரை ஒடுக்குகிறது, தான் ஆக்சிஜன் ஏறப்பெறுகிறது. பெயர் எப்போதும் அடுத்தவருக்குச் செய்யும் காரியத்தால் வந்தது.

இந்த இடத்தில் ஒடுக்கம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியக் கொல்லர்கள் தாதுவை உலையிலிட்டு உலோகமாக மீட்டதைக் குறிக்க ஒரு லத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார்கள். திரும்பக் கொண்டுவருதல் என்பது அதன் பொருள். தாது என்ற வேடத்தைக் களைந்து உலோகம் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நம் சைவ சித்தாந்தத்தில் தோற்றம், நிலை, ஒடுக்கம் என்று சொல்லும்போது ஒடுக்கமும் தோன்றிய இடத்துக்கே திரும்புவதுதான். கலைச்சொல் ஆக்கியவர் இதை நினைத்துத்தான் ஆக்கினாரோ இல்லையோ, சொல் மிகப் பொருத்தமாக விழுந்திருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்கின்றன. இரண்டும் சேர்ந்து நடக்கும் வினைக்குத் தாழ்த்தேற்றம் என்று ஒரே சொல்லையும் வைத்திருக்கின்றன. ஒன்று இல்லாமல் மற்றொன்று நடக்காது என்பதை அந்த ஒற்றைச் சொல் தன்னுள் அடக்கியிருப்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

தீக்குச்சிக்கு, ஆக்சிஜனை ஏற்றுவது யார் என்ற இந்த விளக்கமே போதும். பொட்டாசியம் குளோரேட்டில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. வினை முடிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. அதில் ஆக்சிஜனே இல்லை. பாஸ்பரஸோ பாஸ்பரஸ் பென்டாக்சைடாகி வெண்புகையாக எழுகிறது. ஏற்றியவர் குளோரேட், ஏறப்பெற்றவர் பாஸ்பரஸ். ஆகவே குச்சித் தலை ஆக்சிஜனேற்றி, பெட்டிப் பக்கம் ஒடுக்கி.

ஆனால் ஆக்சிஜனே இடம் மாறாத வினைகள் உண்டு. மயில்துத்தக் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் ஆணியின் மேல் செம்பு படியத் தொடங்கும், நீல நிறம் மெல்ல வெளுக்கும். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். அதில் ஆக்சிஜன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சல்பேட்டுக்குள் கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. வினைக்கு முன்னும் பின்னும் அதே இடம், அதே நிலை. மாறியது வேறொன்று. இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போயிற்று. தாமிர அயனி அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு உலோகமாகி வெளியே வந்தது.

ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது 1897இல். ஆக்சிஜனேற்றம் என்ற கருத்து அதற்கும் நூறாண்டு மூத்தது; லவாய்சியர் காலத்தது. பெயர் ஆக்சிஜனை வைத்து வந்துவிட்டது, விளக்கம் எலக்ட்ரானை வைத்துப் பின்னால் வந்தது. ஆக்சிஜன் எலக்ட்ரானை இழுப்பதில் மிக வல்லது என்பதால் பழைய பெயரும் புதிய விளக்கமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாத இடத்தில் எலக்ட்ரான் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது ஆக்சிஜனேற்றி. கொடுப்பது ஒடுக்கி. ஆணி ஒடுக்கி, மயில்துத்தம் ஆக்சிஜனேற்றி.

எலக்ட்ரானைக் கண்ணால் பார்க்க முடியாது. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று கண்டுபிடிக்க வேதியியலார் ஒரு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் ஆக்சிஜனேற்ற எண். தனிமமாக இருக்கும் அணுவுக்கு எண் பூஜ்யம். சேர்மத்தில் ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் -2, ஹைட்ரஜனுக்குப் பெரும்பாலும் +1, பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் +1. மின்சுமை இல்லாத சேர்மத்தின் எல்லா எண்களையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். எண் கூடினால் அந்த அணு எலக்ட்ரானை இழந்திருக்கிறது; குறைந்தால் பெற்றிருக்கிறது. இது ஒரு கணக்கு வசதிதான். அணுவின் மேல் உண்மையிலேயே அத்தனை மின்சுமை உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் யார் கைமாற்றினார் என்பதைக் காட்ட இதைவிட நல்ல வசதி கிடையாது.

தீக்குச்சிக்கே போட்டுப் பார்ப்போம். பொட்டாசியம் குளோரேட்டில் பொட்டாசியம் +1. மூன்று ஆக்சிஜனுக்கு -6. கூட்டுத்தொகை பூஜ்யம் ஆக வேண்டுமானால் குளோரின் +5 ஆக இருந்தாக வேண்டும். வினைக்குப் பின் பொட்டாசியம் குளோரைடில் அதே குளோரின் -1. ஆறு படி இறங்கியிருக்கிறது, அதாவது ஆறு எலக்ட்ரான்களை வாங்கியிருக்கிறது. பாஸ்பரஸ் பூஜ்யத்திலிருந்து +5க்கு ஏறியிருக்கிறது, ஐந்தைக் கொடுத்திருக்கிறது. கொடுத்ததும் வாங்கியதும் சமமாக வேண்டும். ஐந்து குளோரேட் 30 எலக்ட்ரான்களை வாங்கும், ஆறு பாஸ்பரஸ் அணுக்கள் 30ஐக் கொடுக்கும். ஐந்துக்கு ஆறு என்ற விகிதம் இப்படித்தான் வருகிறது. ஒரு வேதிச் சமன்பாட்டைத் தட்டுத் தடுமாறிச் சமன்செய்த காலமெல்லாம் போய், கொடுக்கல் வாங்கல் கணக்காக அது எளிதாகிவிடுகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எண் மாறியது குளோரின் அணுவுக்கு. ஆனால் ஆக்சிஜனேற்றி எது என்று கேட்டால் குளோரின் என்று சொல்லக் கூடாது. பொட்டாசியம் குளோரேட் என்று முழுச் சேர்மத்தைச் சொல்ல வேண்டும். சமையல் உப்பிலும் குளோரின் இருக்கிறது. அது எதையும் எரிய வைக்காது. குளோரினுக்கு அந்தப் பசியைக் கொடுத்தது குளோரேட் என்ற அமைப்பு.

குச்சி பற்றியபின் கதை முடியவில்லை. பட்டையில் பிறந்த பொறி தலையைச் சுட்டதும், தலைக்குள்ளேயே இருக்கும் கந்தகம் ஒடுக்கியாகிறது. ஆக்சிஜனேற்றி அதே குளோரேட். தலை எரிந்து தீர்ந்ததும் குளோரேட்டும் தீர்ந்துவிடும். பிறகு நெருப்பு குச்சியில் ஊறியிருக்கும் மெழுகுக்கும் அங்கிருந்து மரத்துக்கும் தாவுகிறது. இப்போது எலக்ட்ரானை வாங்குவது யார்? காற்றிலுள்ள ஆக்சிஜன். கையில் ஒரே தீக்குச்சிதான் இருக்கிறது. சில நொடிகளுக்குள் ஒடுக்கி மூன்று முறையும் ஆக்சிஜனேற்றி ஒரு முறையும் மாறிவிடுகின்றன. இனி ஒரு குச்சியைக் கிழிக்கும்போது முதலில் வரும் சீறலையும் பிறகு வரும் அமைதியான சுடரையும் வேறுபடுத்திப் பாருங்கள். சீறல், குளோரேட் தன் பொறுப்பை ஏற்று நடத்தும் நேரம். சுடர், காற்று பொறுப்பேற்ற நேரம்.

எல்லா வினையிலும் இப்படி இருவரைத் தேடிக்கொண்டிருக்கவும் கூடாது. சுண்ணாம்புக் காளவாயை எடுத்துக்கொள்ளுங்கள். கரி எரிகிறது, கார்பன் பூஜ்யத்திலிருந்து +4க்கு ஏறுகிறது, ஆக்சிஜன் பூஜ்யத்திலிருந்து -2க்கு இறங்குகிறது. கரி ஒடுக்கி, காற்றின் ஆக்சிஜன் ஆக்சிஜனேற்றி. அதே சூட்டில் பக்கத்திலேயே கிடக்கும் சுண்ணாம்புக்கல் சுட்ட சுண்ணாம்பாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. அங்கே கால்சியம் முன்பும் +2, பின்பும் +2. கார்பன் +4லிருந்து நகரவில்லை. ஆக்சிஜன் -2லிருந்து அசையவில்லை. நெருப்புக்கு நடுவே கிடந்தாலும் கல்லில் எலக்ட்ரான் கைமாறவே இல்லை. சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி இறுகுவதும் இப்படித்தான். எண் எதுவும் மாறவில்லை என்றால் ஆக்சிஜனேற்றியும் இல்லை, ஒடுக்கியும் இல்லை; தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம்.

மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் நின்ற எவருக்கும் மறக்காத நிறம் ஒன்று உண்டு: பியூரெட்டில் நிற்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஊதா. கீழே கூம்புக் குடுவையில் மோர் உப்பு என்ற இரும்பு உப்பின் கரைசல், அதில் நீர்த்த கந்தக அமிலம். ஊதாத் துளி விழுந்ததும் நிறமற்றுப் போகிறது. மீண்டும் துளி, மீண்டும் மறைவு. கடைசியில் ஒரு துளி மறையாமல் வெளிர் இளஞ்சிவப்பாக நின்றுவிடுகிறது. அந்தத் துளிக்காகத்தான் அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நடந்தது என்ன? பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7. அது +2க்கு இறங்கி, ஏறத்தாழ நிறமற்ற அயனியாகிறது. ஐந்து எலக்ட்ரான் வரவு. மோர் உப்பின் இரும்பு +2லிருந்து +3க்குப் போகிறது. ஓர் எலக்ட்ரான் செலவு. ஆக, ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு. நிறம் மறையாமல் நின்ற நொடி, கொடுப்பதற்கு இனி இரும்பு இல்லை என்று குடுவை சொன்ன நொடி.

ஏன் கந்தக அமிலம்? பக்கத்து அலமாரியில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இருந்ததே, அதை ஊற்றினால் என்ன? இந்தக் கேள்வியைச் செய்முறைத் தேர்வில் கேட்பார்கள். பலர் மனப்பாடமாக விடை சொல்வார்கள். ஆக்சிஜனேற்றி, ஒடுக்கி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு மனப்பாடம் வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருக்கும் குளோரைடு -1இல் நிற்கிறது. அதனால் எலக்ட்ரானைக் கொடுக்க முடியும். பெர்மாங்கனேட் வலிய ஆக்சிஜனேற்றி. கொடுப்பவர் யாராயிருந்தாலும் வாங்கிக்கொள்ளும். இரும்பு கொடுக்க வேண்டிய கணக்கில் குளோரைடும் புகுந்துவிட்டால் பியூரெட் காட்டும் அளவு தப்பாகிவிடும். கந்தக அமிலத்தின் கந்தகமோ +6இல், தன் உச்சப் படியில் நிற்கிறது. கொடுக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. அதனால் வினையில் தலையிடாமல் ஒதுங்கி நிற்கிறது.

இந்த உச்சம், அடி என்ற பார்வை மிகவும் உதவுகிறது. தன் மேல்படியில் நிற்கும் அணு இறங்கத்தான் முடியும். அது ஒடுக்கியாக முடியாது. அடிப்படியில் நிற்பது ஏறத்தான் முடியும். நடுவில் நிற்பது இரண்டு பக்கமும் போகலாம்.

நடுவில் நிற்பவர்களில் எனக்கு மிகப் பிடித்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. லூயி ஜாக் தெனார் 1818இல் கண்டறிந்தது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கிறது. பெர்மாங்கனேட்டும் அதே கடையில் கிடைக்கும். இரண்டும் கிருமிநாசினிகள். இரண்டையும் ஆக்சிஜனேற்றி என்றே எல்லாரும் அறிவார்கள். அமிலம் சேர்த்த பெர்மாங்கனேட் கரைசலில் பெராக்சைடை ஊற்றினால் என்ன ஆகும்? ஊதா மறைகிறது, ஆக்சிஜன் குமிழிகள் எழுகின்றன. பெராக்சைடில் ஆக்சிஜனின் எண் -1. வழக்கமான -2க்கும் தனிமத்தின் பூஜ்யத்துக்கும் நடுவே. தன்னைவிடப் பசி கூடிய பெர்மாங்கனேட்டைச் சந்தித்ததும் அது எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் பூஜ்யத்துக்கு ஏறி வாயுவாகிறது. இங்கே பெராக்சைடு ஒடுக்கி. அதே பெராக்சைடை அமிலம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடில் விட்டால் கரைசல் பழுப்பாகிறது. அயோடைடு எலக்ட்ரானை இழந்து அயோடின் ஆகிறது. இங்கே பெராக்சைடு ஆக்சிஜனேற்றி. பழைய ஓவியங்களின் ஈய வெள்ளை காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடால் கறுத்துப் போகும்போது, அந்தக் கரிய ஈய சல்பைடை வெண்ணிற ஈய சல்பேட்டாக மாற்றிக் கொடுப்பதும் இதே பெராக்சைடுதான்.

மாமா என்பது உறவைச் சொல்லும் பெயர். வீட்டுக்குள் நுழையும் ஒருவரைப் பார்த்து இவர் மாமாவா, மருமகனா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. யாருக்கு என்று கேட்க வேண்டும். ஆக்சிஜனேற்றி என்ற பெயரும் அப்படிப்பட்டது. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, அந்தப் பொருள் வழக்கமாக எப்படி நடந்துகொள்ளும் என்றுதான் சொல்கிறது. எதிரே யார் நிற்கிறார் என்று பார்த்தபிறகே தீர்ப்பு. பெராக்சைடு தனியாக இருக்கும்போதுகூட ஒரு மூலக்கூறு கொடுத்து இன்னொன்று வாங்கி, நீரும் ஆக்சிஜனுமாகச் சிதைந்துகொண்டிருக்கும். அதனால்தான் அதை ஒளிபுகாத புட்டியில் அடைக்கிறார்கள்.

கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே படிகத்துக்குள் குடியிருக்கும் பொருள் ஒன்று உண்டு: அம்மோனியம் நைட்ரேட். அதில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள். அம்மோனியம் பக்கத்து நைட்ரஜன் -3, அடிப்படி. நைட்ரேட் பக்கத்து நைட்ரஜன் +5, உச்சப்படி. ஒன்று பெரும் ஒடுக்கி, மற்றொன்று பெரும் ஆக்சிஜனேற்றி. கவனமாகச் சூடாக்கினால் இரண்டும் +1இல் சந்தித்து நைட்ரஸ் ஆக்சைடும் நீராவியும் ஆகின்றன. சாதாரண வெப்பத்தில் அது உரமாக மூட்டையில் சாதுவாகக் கிடக்கும். பெருந்தீ சூழ்ந்தால் அப்படிக் கிடக்காது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் இருந்த சுமார் 2,750 டன் வெடித்து 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில்தான் சென்னை மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015 முதல் கிடப்பது தமிழ்நாட்டு மக்களில் பலருக்குத் தெரிய வந்தது. அது விரைவாக ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. குடியிருப்புகளுக்கு அருகில் ஐந்தாண்டு கிடந்த பொருள் அது. மாணவர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் காகிதத்தில் போடக்கூடிய எண் கணக்கு, அந்த ஐந்தாண்டும் எத்தனை கோப்புகளைக் கடந்து போயிருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

பட்டாசுத் தொழிலில் இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. வெடியுப்பு ஆக்சிஜனேற்றி, அலுமினியத் தூள், கந்தகம், கரி ஒடுக்கிகள். தனித்தனிச் சாக்குகளில் இருக்கும்வரை பெரும்பாலும் அமைதி. கலக்கிற அறையில்தான் உயிர் போகிறது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை சிறு உராய்வுக்கே எழும் என்பதால் இந்திய அரசு 1992இல் அந்தக் கலவையை வெடிபொருள்களில் தடை செய்தது. தீக்குச்சித் தலை போன்ற மிகச் சிறு அளவுகளுக்கே விலக்கு. தடை காகிதத்தில் இருக்கிறது. மருந்து கலக்குபவருக்கு எது ஏற்றி, எது ஒடுக்கி, ஏன் இரண்டையும் ஒரே கரண்டியால் அள்ளக் கூடாது என்பதை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

ஆக்சிஜனேற்றிகளை ஏற்றிவரும் வண்டியில் மஞ்சள் நிறச் சாய்சதுரச் சீட்டு ஒட்டியிருக்கும். வட்டத்தின் மேல் தீ எரிவது போன்ற படம். புட்டிகளிலும் அந்தப் படம் உண்டு. அடுத்த முறை ஒரு பள்ளி ஆய்வகத்துக்குள் போக வாய்த்தால் அலமாரியில் அந்தப் படத்தைத் தேடுங்கள். பல ஆய்வகங்களில் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று புட்டிகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி வைப்பார்கள். அந்த வரிசையில் அலுமினியத் தூளும் அம்மோனியம் நைட்ரேட்டும் அண்டை வீட்டுக்காரர்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சிவப்புப் பாஸ்பரஸ். தோளோடு தோள் உரச, அடுத்த புட்டியில் பொட்டாசியம் குளோரேட்.